ஸ்வீடன் நிலத்துக்குச் சென்னையிலிருந்து பார்த்த திராட்சை ரகம்

ஸ்வீடனின் தென்கோடியில் ஸ்கோனே பகுதியில் சித்தப்பா மகன் கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்திருக்கிறான். ஒயின் திராட்சை போடும் ஆசை. "அக்கா, நீங்க தோட்டக்கலை படிச்சவங்க. சொலாரிஸ் ரகம் இங்கே சரிப்படுமான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றான். எனக்குப் பழக்கமானது கம்பம் பன்னீர் திராட்சை. அங்கே கவாத்து செய்த நாளை வைத்தே அறுவடையைச் சொல்லிவிடலாம். குளிர் ஒரு கேள்வியே இல்லை. அதனால் மடிப்பாக்கத்தில் உட்கார்ந்து அடியிலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

முதலில் வெப்பக் கணக்கு. ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையிலும் 10 டிகிரி செல்சியஸைக் கழித்து, மிச்சத்தை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கூட்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் அமெரினும் விங்க்ளரும் 1944-இல் வகுத்த முறை இது. அதில் மிகக் குளிர்ந்த பிரிவின் மேல் எல்லையே சுமார் 1,390 டிகிரி. ஸ்கோனேயின் மால்மோ நகரப் பக்கத்துச் சராசரிகளைப் போட்டால் ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. சென்னையின் மே மாதம் மட்டுமே அதில் பாதிக்கு மேல் தந்துவிடும்! தாமதமாகப் பழுக்கும் ரீஸ்லிங் ரகத்தை அங்கேயே தள்ளி வைத்தேன். சொலாரிஸ் 1975-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் உருவான ரகம். சீக்கிரம் பழுக்கும், அடிச்சாம்பல் நோயையும் நன்றாகத் தாங்கும்.

அப்புறம் பழத்தைப் பார்க்க வேண்டுமே. பக்கத்துத் தோட்டக்காரரிடம் அனுமதி வாங்கி, காய்ப்பில் இருந்த சொலாரிஸ் கொடிகளில் மாதிரி எடுக்கச் சொன்னேன். வெயில் பக்கம், நிழல் பக்கம், குலையின் மேல், நடு, நுனி எல்லாம் கலந்து நூறு பழம். கை தானாக நல்ல பழத்தைத் தேடும், அதனால் குலையைப் பார்க்காமல் பறி என்றேன். சாற்றைப் பிழிந்து, சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து அளவை வாட்ஸ்அப்பில் அனுப்புவான். பிரிக்ஸ், அதாவது சாற்றின் சர்க்கரை அளவு, 20-ஐத் தாண்டியதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நான் விடவில்லை. புளிப்பையும் அளந்து சொல், விதையைக் கடித்துப் பார், பழுப்பேறி நொறுங்குகிறதா என்று கேட்டேன். இந்த ரகத்தில் சர்க்கரை ஏறுவது பெரிய காரியமில்லை. புளிப்பு இறங்கிப்போனால் ஒயின் சாராய நெடியோடு சப்பென்று நிற்கும். குளிர்நிலத்து வெள்ளை ஒயினுக்கு உயிரே அந்தப் புளிப்புதான். இரண்டையும் ஒரே தாளில், தேதி வாரியாகக் குறித்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. சீக்கிரம் இனிப்பதால் குளவியும் பறவையும் முதலில் மொய்ப்பதும் இதைத்தான். வலைச் செலவையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

கடைசியாக உறைபனி. வசந்தத்தில் துளிர் விட்ட பிறகு பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி போனாலே இளந்தளிர் கருகிவிடும். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் பள்ளத்தில் போய்த் தேங்கும். அவன் நிலத்தின் கீழ்ப்பகுதி அப்படிப்பட்ட பள்ளம். அங்கே ஒரு கொடிகூட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். தெற்கு பார்த்த சரிவில் மட்டும் சொலாரிஸ் நடலாம், அதுவும் முதலில் சில வரிசைகள்தான். முதல் முழுக் காய்ப்புக்கு மூன்று நான்கு ஆண்டு ஆகும். அதுவரை சரிவில் ஒரு வெப்பமானி, பள்ளத்தில் ஒன்று வைத்து எழுதிக்கொண்டே வரச் சொல்லியிருக்கிறேன்.