‘உறங்கு’ என்ற சொல்லை 22 பேர் ஒன்றாக முடிப்பது: சேர்ந்திசைப் பயிற்சியில் ஒன்பது மாதங்கள்

கடந்த ஆண்டு மே மாதத்தில், சிவனொளிபாதமலைப் பருவகாலம் வெசாக் போயாவுடன் முடிந்து, யாத்திரிகர் நெரிசல் நீங்கிய ஹட்டன் பஸ் நிலையம் மறுபடியும் ஊராரின் கைக்கு வந்த வாரத்தில், நகரத்து மண்டபம் ஒன்றில் சேர்ந்திசைக் குழு தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில் தேவாரம் பாடியதைத் தவிர எனக்கு வேறு இசைப் பயிற்சி கிடையாது. முகாமைத்துவ உதவியாளராக வாரம் முழுவதும் கோப்புகளோடு இருப்பவளுக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வாய்விட்டுப் பாடக் கிடைத்தால் போதும் என்பதே அன்றைய எண்ணம். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் ஒரு சீ.ஆர். கொப்பியில் நான்கைந்து வரி குறித்து வந்தேன். இங்கே எழுதுபவை பெரும்பாலும் அந்தக் குறிப்புகளிலிருந்து வந்தவை.

குழுவில் 22 பேர். கொழுந்து பறிக்கும் அக்காமார் ஐவர், ஆசிரியைகள் மூவர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், உயர்தர வகுப்பு மாணவிகள், கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள் என்று கலவையான கூட்டம். தேவாலயத்தில் நீண்ட காலம் ஓர்கன் வாசித்து ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர் பயிற்றுவிக்கிறார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஞாயிறு பிற்பகல் 2 மணி என்று வைத்ததற்குக் காரணம் அன்று பிரட்டு, அதாவது தோட்டத்து வேலைக்கு ஆள் கூட்டும் காலைக் கூடுகை, இல்லை என்பதுதான். ஆனால் துணி துவைப்பதும் விறகு சேர்ப்பதும் அதே நாளில்தான் நடந்தாக வேண்டும் என்பதால், 2 மணி என்பது எப்போதும் 2.40 ஆகவே இருந்தது.

முதல் மூன்று வாரங்கள் சுருதி தேடுவதிலேயே கழிந்தன. தனியாகப் பாடுகிறவர் தனக்கு இசைந்த கட்டையை (ஹார்மோனியத்தின் வெள்ளைச் சாவிகளை எண்ணிச் சொல்லும் சுருதி அளவு) தானே தேர்ந்துகொள்ளலாம். ஆண்கள் பொதுவாக ஒரு கட்டையை ஒட்டியும் பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் நிற்பார்கள். சேர்ந்திசையில் சோப்ரானோ, ஆல்ட்டோ (பெண்களின் மேல், கீழ்க் குரல்கள்), டெனர், பேஸ் (ஆண்களின் மேல், கீழ்க் குரல்கள்) ஆகிய நான்கு வரிசைக்கும் ஷட்ஜம், அதாவது அடிச்சுரமான ‘ச’, ஒன்றுதான். இரண்டு கட்டையில் வைத்தபோது எங்கள் ஆல்ட்டோ வரிசையின் கீழ்ப் பஞ்சமம் (‘ப’) வெறும் காற்றாகப் போயிற்று. ஐந்து கட்டையில் சோப்ரானோவின் மேல் ஷட்ஜம் கீச்சிட்டது. கடைசியில் நான்கு கட்டை நிலைத்தது. மாஸ்டர் எல்லா வரிசைகளையும் ச ரி க ம எழுத்துகளிலேயே எழுதித் தந்தார். 19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜோன் கர்வன் பரப்பிய டொனிக் சொல்ஃபா முறையில் ‘டோ’ எந்தச் சுருதியிலும் உட்காரும் என்றும், நம்முடைய ‘ச’ அதைக் காலங்காலமாகச் செய்து வருகிறது என்றும் சொல்லி, ஐந்துகோட்டுத் தாளைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டார். அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

பாடுவதற்கு எடுத்துக்கொண்டது ஒரு தாலாட்டு. கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் தம்முடைய அம்மாயியிடம் கேட்டது. ஐந்தே சுரங்களுக்குள் ஊசலாடுவது. மெட்டு சோப்ரானோவுக்குப் போய்விட, எங்களுக்குக் கிடைத்தது ‘ப ப ப ச ச ரி ச’ என்ற வரிசை. மெட்டைப் பாடுகிறவருக்கு அடுத்த சுரம் எங்கே போகும் என்பது சொல்லாமலே தெரியும். நடுவில் நிற்கும் ஆல்ட்டோவுக்கு அந்தத் துணை கிடையாது. முன்வரிசையில் மெட்டு எழும்பும் இடத்தில் எங்கள் ஆறு பேரில் நான்கு பேர் அதனோடு எழும்பிவிடுவோம், அதில் நான் எப்போதும் ஒருத்தி. வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டே என் வரிசையைப் பாடிப் பழகியபோது, முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்துக் கூடை சுமந்த என் அம்மா சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “என்னடி இது, மாவு அரைக்கிற மாதிரி ஒரே எடத்துலயே சுத்திக்கிட்டு இருக்க?” என்றார். அதைவிடச் சரியாக ஆல்ட்டோவை யாரும் வருணித்ததில்லை.

எனக்குப் பலன் தந்தது ஒரு சின்ன உபாயம். சோப்ரானோ மெட்டைக் கைத்தொலைபேசியில் பதிந்து, ஒரு காதில் மட்டும் மிக மெதுவாக ஒலிக்கவிட்டு, அதற்கு எதிராக என் வரிசையைப் பாடினேன். நாளுக்கு நாள் அந்த ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். ஏழாவது வாரக் குறிப்பு இப்படி இருக்கிறது: “இன்று இழுபடவில்லை. இரண்டாம் அடி மட்டும்.”

அதற்கு அடுத்த வாரத்தில்தான் முதல் சந்தோஷம் வாய்த்தது. முதல் அடியின் முடிவில் பேஸ் ஷட்ஜத்திலும் டெனர் பஞ்சமத்திலும் சோப்ரானோ மேல் ஷட்ஜத்திலும் நிற்க, ஆல்ட்டோ காந்தாரத்தை (‘க’) பிடிக்க வேண்டும். ஹார்மோனியத்தோடு பாடும்போது அது ஏதோ ஒத்துக்கொள்ளாமலே இருந்தது. மாஸ்டர் பெட்டியை மூடிவிட்டு, எங்களை ஒரு மயிரிழை கீழே இறங்கச் சொன்னார். ஷட்ஜமும் அந்தர காந்தாரமும் 4:5 என்ற விகிதத்தில் அதிர்ந்தால்தான் இரண்டும் கலக்கும் என்றும், ஹார்மோனியத்தின் சாவி அதைவிட ஏறத்தாழ 14 சென்ட் உயரம் என்றும் விளக்கினார். ஓர் அரைச் சுரம் 100 சென்ட் என்றால் எவ்வளவு சிறிய இறக்கம் என்று புரியும். இறங்கினோம். கூரையின் ஓரத்தில் ஆணி தளர்ந்திருந்த தகடொன்று ‘ங்ஙொய்’ என்று அதிர ஆரம்பித்தது. எல்லோரும் பாடுவதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தோம், தகடும் நின்றுவிட்டது. மறுபடி பாடினோம், மறுபடியும் அதிர்ந்தது. அன்று அதையே ஏழெட்டு முறை செய்துவிட்டு, வேறொன்றும் பழகாமல் பஸ் ஏறினோம்.

கூரை எப்போதும் இவ்வளவு ஒத்தாசையாக இருக்கவில்லை. ஜூனிலும் ஜூலையிலும் தென்மேற்குப் பருவமழை தகரத்தில் கொட்டத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவரின் குரல்கூடக் கேட்காது. ஒரு ஞாயிறின் குறிப்பில் “மழை. பாடவில்லை, கத்தினோம்” என்று மட்டும் எழுதியிருக்கிறேன், அடுத்த மூன்று நாளும் தொண்டை கட்டிக்கொண்டு கொத்தமல்லித் தண்ணீர் குடித்தேன். அதற்குப் பிறகு மழை பிடித்தால் பாடுவதில்லை என்று முடிவாயிற்று. தாளத்தைக் கையால் தட்டிச் சொற்களை வாசிப்போம், அதுவும் முடியாவிட்டால் தேத்தண்ணி.

குழுவில் எனக்கு மிகவும் பிடித்தவர் பேஸ் வரிசையில் நிற்கும் அறுபது வயது கடந்த ஐயா ஒருவர். இளமையிலிருந்து காமன் கூத்தில் லாவணி பாடியவர். தப்பு முழங்க, ஒலிபெருக்கி இல்லாமல், நள்ளிரவில் அடுத்த லயத்துக்கும் (தோட்டக் குடியிருப்பு வரிசைக்கும்) கேட்க வேண்டும் என்று வளர்ந்த குரல் அது. மற்ற 21 பேரும் சேர்ந்தாலும் அவர் ஒருவர்தான் கேட்பார். மெதுவாகப் பாடுங்கள் என்று யாரோ சொன்னதில் மனம் நொந்து இரண்டு வாரம் வராமல் இருந்துவிட்டார். மாஸ்டர் வீடு தேடிப் போய் அழைத்து வந்து, மெதுவாகப் பாட வேண்டாம், பக்கத்தில் நிற்கும் தபால்காரர் ஐயாவின் குரல் உங்களுக்குக் கேட்கும் அளவுக்குப் பாடுங்கள் என்று மட்டும் சொன்னார். அன்றே குரல் அடங்கியது. நாங்களும் எங்கள் பங்குக்கு அவரவர் பக்கத்துக் குரலைத் தேட ஆரம்பித்தோம்.

ஆனால் அவர் இன்னொரு விடயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. தாலாட்டின் அழகே சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகும் நெளிவில் இருக்கிறது. ஒரு குரல் நெளியும்போது மற்ற மூன்று வரிசையும் நேராக நின்றால் ஒத்திசை கலங்கிவிடுகிறது. நெளிவை நீக்கி நேர்ச்சுரமாகப் பாடிப் பார்த்தபோது, “வளைவ எடுத்துட்டா பாட்டு செத்துப்போயிரும் மாஸ்டர்” என்றார் ஐயா. அவர் சொன்னது சரி என்றே எனக்கும் பட்டது. பள்ளிக்கூட வாய்ப்பாடு போல ஆகியிருந்தது. மூன்று வாரத் தர்க்கத்துக்குப் பிறகு, முதல் அடியைப் பாட்டைத் தந்த அக்கா தமக்குப் பழகிய எல்லா நெளிவுகளோடும் தனியே பாட, ஆண்கள் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் தாங்குவது என்றும், நான்கு வரிசையும் சேரும்போது இரண்டே இடங்களில், மூன்றாம் தட்டில் தொடங்கி, எல்லோரும் ஒன்றாக வழுக்குவது என்றும் ஏற்பாடாயிற்று. ஐயா அரைமனதோடு தலையசைத்தார்.

அதிக நேரம் தின்றது ‘உறங்கு’ என்ற ஒற்றைச் சொல். ஒவ்வோர் அடியும் அதில்தான் முடிகிறது. முடியும் இடத்தில் நான்கு தட்டு நீள வேண்டும். எங்கள் தமிழாசிரியை கணக்குக் காட்டினார்: அந்தக் ‘கு’ மென்தொடர்க் குற்றியலுகரம், நன்னூல் அதற்குக் கொடுத்திருப்பது அரை மாத்திரை, அதை நான்கு தட்டுக்கு எப்படி இழுப்பது? இழுத்துக்கொண்டுதான் இருந்தோம், ஆளுக்கொரு விதமாக. மாணவிகள் உதட்டைக் குவித்து ‘உறங்கூ’ என்றார்கள். அக்காமார் பேச்சில் வருவது போலவே உதட்டைக் குவிக்காமல் ‘ஒறங்கு’ என்றார்கள். எங்கள் வரிசை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தது. மாஸ்டர் பதிந்து போட்டுக் காட்டியபோது திகைத்துப் போனோம். எல்லோரும் சுருதியில்தான் இருந்தோம், ஆனால் உயிரொலி வேறுபட்டதால் சுருதி பிசகியது போலவே கேட்டது. கடைசியில் கிடைத்த வழி இது: ‘ற’-வின் அகரத்தை மூன்று தட்டுக்கு நீட்டுவது, நான்காம் தட்டில் ‘ங்’ என்று மூக்கொலியில் ரீங்கரிப்பது, ‘கு’-வை நீட்டாமல் இறுதியில் இலேசாக வைத்துவிடுவது. தொட்டிலை ஆட்டும் பெண்கள் இயல்பாகச் செய்வதும் ஏறக்குறைய இதுதான் என்று அந்த அக்கா பிறகு சொன்னார், முதலிலேயே சொல்லியிருக்கலாம். 22 பேரும் அந்தக் ‘கு’-வை ஒரே கணத்தில் வைக்க இன்னும் ஒரு மாதம் பிடித்தது. அதுவரை மழை விட்டபின் கூரையிலிருந்து சொட்டுவது போல, கு, குகு, கு என்று உதிர்ந்துகொண்டிருந்தது.

மூச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நீண்ட அடியில் பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் நான் வாங்கக்கூடாது. சொல் முடியும் இடத்தில் வாங்காமல், நெட்டெழுத்தின் நடுவே நழுவி விலகி, மெதுவாக மறுபடி நுழைய வேண்டும். ஒற்றைப்படை இலக்க நாற்காலிகள் ஓரிடத்தில், இரட்டைப்படை வேறிடத்தில் என்று பிரித்துக்கொண்டதும் அது சரியாகிவிட்டது.

சரியாகாதது சுருதி இறக்கம். ஹார்மோனியம் இல்லாமல் நான்கு கட்டையில் தொடங்கிய பாட்டு, மூன்று அடி முடிந்து பெட்டியைத் திறந்து பார்த்தால் மூன்று கட்டையில் நிற்கும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் கறுப்புச் சாவி கிடையாது, அரைச் சுரம்தான் என்று நாங்கள் ஆறுதல் சொல்லிக்கொள்வோம், மாஸ்டர் சிரிக்கமாட்டார். இறங்கும் சுரங்களில் தேவைக்கு மேல் இறங்குவதும், ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும்போது அது தொய்வதும்தான் காரணம். இரண்டாவது குற்றத்தில் முதற்பங்கு ‘ப ப ப’ பாடும் ஆல்ட்டோவுக்கு. ஒவ்வொரு ‘ப’-வையும் முந்தியதைவிடச் சற்று உயரமாக நினைத்துக்கொண்டு பாடும்படி சொல்லியிருக்கிறார். நினைப்பதோடு சரி, உண்மையில் உயர்த்தினால் அதற்கும் ஏச்சு விழும்.

டிசம்பரில் உந்துவப் போயாவோடு சிவனொளிபாதமலைப் பருவகாலம் மறுபடி தொடங்கியது. மலையேற்றம் தொடங்கும் நல்லதண்ணிக்குப் போகும் கூட்டத்தில் மஸ்கெலியாப் பக்கத்து ஆட்கள் நேரத்துக்கு வந்து சேர முடியாமல், பயிற்சிக்கு 14 பேர் என்று ஆயிற்று. அப்படியும் ஜனவரியில் பொங்கல் நிகழ்ச்சி ஒன்றில் 20 பேராக மேடையேறினோம். அக்காவின் தனிக்குரல் எழும்பியதும் சபை அடங்கியது. இரண்டு வழுக்கல்களும் ஒன்றாக விழுந்தன. அடியின் முடிவில் ‘ங்’ ரீங்கரித்து, 20 பேரின் ‘கு’-வும் ஒரே ‘கு’-வாக விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கிக்காரர் எங்கள் குரலுக்கு எதிரொலி வைத்திருந்தார் போலும். “கு… கு… கு…” என்று மண்டபம் முழுவதும் திருப்பிச் சொன்னது. எனக்குச் சிரிப்பு வந்து இரண்டாம் அடியின் முதல் ‘ப’ போயே போய்விட்டது. நிகழ்ச்சி முடிந்து மாஸ்டர் சுருதியைச் சரிபார்த்தார். அரைச் சுரத்தில் பாதி அளவுதான் இறங்கியிருந்தோம்.

இப்போதைய நிலவரம்: டெனர் வரிசையில் இருந்த நான்கு இளைஞர்களில் மூவர் பொங்கலுக்குப் பிறகு வேலை தேடிக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். மிஞ்சிய ஒருவரும் போக நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். கீழ்க்குரல் உள்ள பெண்கள் இருவரை அந்த வரிசைக்கு மாற்றுவதென்று சென்ற ஞாயிறு முடிவாயிற்று. அதில் ஒருத்தி நான். புதிய தாளை வாங்கி வந்திருக்கிறேன். முதல் வரி ‘ப ம ப, ப ம ப’ என்று போகிறது. அம்மாவிடம் இன்னும் பாடிக் காட்டவில்லை.