மீன் லோடு ஓடிய பிக்கப்பின் சேஸிஸ்

நான் வாங்கியிருக்கும் டாடா 207 பிக்கப், முந்தைய உரிமையாளரிடம் இருந்தவரை மண்டபம், பாம்பன் பக்கமிருந்து மதுரைக்கு மீன் ஏற்றி வந்த வண்டி. எஞ்சினும் கியர் பாக்ஸும் குறை சொல்லும்படி இல்லை. சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம்தான் உப்பில் ஊறிப்போயிருக்கிறது. மீன் பெட்டிகளில் ஐஸ் உருகிக் கசிகிற நீர், பலகை இடுக்கு வழியே வழிநெடுகச் சொட்டி, பின்பக்கக் குறுக்குச் சட்டங்களிலும் பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் ஹேங்கர்களிலும் போய்த் தேங்கும். அதனால் கேபினுக்குப் பின்னால் துரு ஏடு ஏடாகப் பெயர்ந்து வருகிறது. எஞ்சினுக்கு அடியில் ஆயில் ஒழுகிப் படிந்த இடத்தைச் சுரண்டினாலோ இரும்பு புதிதாகவே இருக்கிறது. ஆயில் ஒழுகும் வண்டியை இனிமேல் அவ்வளவு சுலபமாகத் திட்டக் கூடாது.

“கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு, ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, மேல கருப்பு ஒரு கோட்டு அடிச்சு விட்ருவோம்ணே, எஃப்.சி. தாண்டிரும்” என்றார் பெயிண்டர். தாண்டும்தான். எட்டு வயதைக் கடந்த சரக்கு வண்டிக்கு எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனை ஆண்டுதோறும் வருவதால், ஆண்டுதோறும் அதே கருப்பை அடித்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். கிரைண்டரில் மாட்டிய கம்பி பிரஷ் துருவை எடுப்பதைவிட மெருகேற்றுவதே அதிகம்; மேடு பளபளக்கும், குழிக்குள் துரு அப்படியே கிடக்கும். ஆகவே எல்லாவற்றையும் இறக்கிச் சேஸிஸை வெறுமையாக்கி, காற்றழுத்தத்தில் துகளை அடித்துத் துருவை உரிக்கும் பிளாஸ்டிங் செய்து, இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்சி பெயிண்ட் அடிப்பதென்று முடிவு செய்தேன். பிளாஸ்டிங் செய்பவர் தம் பங்கை ஒரே நாளில் முடித்துவிடுவார். அதற்கு முந்தைய வேலை வண்டிக்காரருடையது. பெயிண்டின் ஆயுளை முடிவு செய்வதும் அதுதான்.

கழற்றுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பேட்டரி முதலில், டீசல் டேங்க் அடுத்தது. காலி டேங்கைக் கிரைண்டர் பொறி பறக்கும் இடத்தில் வைத்திருக்கக் கூடாது. பிரேக் ஆயில் பெயிண்டைக் கரைக்கும் என்பதால் சிந்திய இடத்தை உடனே கழுவிவிட வேண்டும். மரை உள்ள துளைகளில் பழைய போல்ட்டுகளையே திருகி வைத்தால் மரை தப்பும்.

சேஸிஸ் எண்ணைப் பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். அந்த எண் அழிந்தாலோ மங்கினாலோ ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டி திருட்டு வண்டியாகவே பார்க்கப்படும். எனவே அந்த இடத்தைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, படமும் பிடித்துக்கொண்ட பின், பழைய டியூப் ரப்பரை வெட்டி வைத்து டேப்பைப் பல சுற்றுச் சுற்றினேன். கிரைண்டர் அந்தப் பக்கமே போகக் கூடாது. அங்கே கை உப்புத்தாள் போதும்.

பிறகு, சேஸிஸ் கோணியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டாண்டுகளில் மட்டமாக நிறுத்தி, ஹேங்கர் துளைகளிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, மூலைக்கு மூலை டேப் பிடித்தால் இரண்டு அளவும் ஒத்து வர வேண்டும். இந்த வண்டியில் வந்தன. அடுத்தது சுத்தியல். தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு ‘ணங்’கென்று பேசும், உளுத்த இடம் ‘தொப்’பென்று அடங்கிவிடும். அப்படி அடங்கிய இடங்களில் வட்டம் போட்டு வெல்டருக்குக் காட்டினேன். துளை விழுந்த இடத்தை அறுத்துத் தகடு வைக்கும் வேலை பெயிண்டுக்கு முன்பே முடிய வேண்டும்.

சட்டத்தின் மேல் வலுவுக்காக இன்னொரு பிளேட் வைத்து ரிவெட் அடித்த இடங்கள்தான் தொல்லை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால், ஒட்டியிருந்த இரண்டு பிளேட்டும் நடுவில் புடைத்துப் பிரிந்து நிற்கின்றன. அந்த இடுக்குக்குள் பிளாஸ்டிங் போகாது. மிகவும் புடைத்த ஓரிடத்தில் ரிவெட்டை அறுத்துப் பிளேட்டைக் கழற்றியே ஆக வேண்டியிருந்தது. திரும்பச் சேர்க்கும்போது துளையில் ஆடாமல் பொருந்தும் ஹை டென்சில் போல்ட்டுகள் போடப் போகிறேன். பெட்டி போல் மூடிய குறுக்குச் சட்டத்தின் அடியில் நீர் வடியும் துளை அடைத்திருந்தது. கம்பியால் குத்தியபோது கருத்த சேறும், அதில் மினுங்கும் மீன் செதிலும், பட்டறையில் எவரும் நிற்க முடியாத வாடையும் சேர்ந்து வந்தன.

கழுவும் வேலையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். முதலில் கிரீஸ். அதோடு பிளாஸ்டிங் செய்தால் எண்ணெய் இரும்பின் சொரசொரப்புக்குள் அறைந்து ஏற்றப்படுமே தவிரப் போகாது. சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெய் விட்டுப்போகும் பிசுக்கையும் சோப்பு நீரால் எடுக்க வேண்டும். தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்: சுத்தமான இடத்தில் அது விரிந்து ஓடும், எண்ணெய் இருக்கும் இடத்தில் முத்து முத்தாக நிற்கும்.

அடுத்தது உப்பு. துருக்குழியின் அடியில் இருக்கும் குளோரைடு உப்பைப் பிளாஸ்டிங் முழுவதுமாக எடுப்பதில்லை. வெள்ளி போல் வந்த இரும்பில் மறுநாள் காலை கரும்புள்ளிகள் எழுந்திருந்தால், உப்பு உள்ளேயே இருக்கிறது என்று பொருள். அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்டை அடித்தாலும் கொப்பளிக்கும். ஆகவே பிளாஸ்டிங்குக்கு முன்பே பிரஷர் பம்பில் பலமுறை கழுவ வேண்டும். மதுரையில் இதில் ஒரு சிக்கல் உண்டு. வாட்டர் சர்வீஸ்காரர்கள் அடிப்பது போர் தண்ணீர். பல பகுதிகளில் அதுவே உப்பு. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரா? முதல் கழுவலுக்கு அது பரவாயில்லை. கடைசிக் கழுவலுக்கு நல்ல தண்ணீரை டிரம்மில் பிடித்துவந்து, இடுக்குகளிலும் பெட்டிச் சட்டத்தின் உள்ளேயும் ஹோஸ் விட்டு, வெளியே வரும் நீர் தெளியும்வரை ஓட விட்டேன். ‘ஆசிட் ஊற்றினால் ஒரே நிமிடத்தில் போய்விடும்’ என்பார்கள். கடை ஆசிட் ஹைட்ரோகுளோரிக், அதாவது இன்னும் கொஞ்சம் குளோரைடு.

பிளாஸ்டிங், கப்பலூர் பக்கத்துப் பட்டறை ஒன்றில். ஆற்று மணலை வைத்து அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; அந்தத் தூசி நுரையீரலைச் சிலிகோசிஸ் நோயில் கொண்டுபோய் விடும், ஆகவே செம்பு உருக்கும்போது மிஞ்சும் கசடான காப்பர் ஸ்லாக் துகளைக் கேட்டிருக்கிறேன். கேட்டிருக்கும் தரம் எஸ்.ஏ. 2½, அதாவது துருவின் லேசான கறை தவிர வேறெதுவும் மிஞ்சாத சுத்தம்; சொரசொரப்பு 50 முதல் 75 மைக்ரான் வரை. அடித்து முடித்த நான்கு மணி நேரத்துக்குள் முதல் கோட்டான பிரைமர் ஏற வேண்டும் என்பதால் பெயிண்டரும் கூடவே வருகிறார். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அன்றைக்கு வேலை கிடையாது. ஐப்பசி மழைக்கு முன்பே முடிக்க நினைப்பது அதனால்தான். வெயிலில் கொதிக்கும் இரும்பிலும் அடிக்கக் கூடாது, எனவே எல்லாம் ஷெட் நிழலில்தான். எபாக்சி முழுவதுமாக இறுக ஏழு நாளாவது ஆகும். அதற்குள் ஹேங்கரை மாட்டி போல்ட்டை முறுக்கினால் பெயிண்ட் நசுங்கும். அந்த இடைவெளியில் பட்டை ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு கோக்கும், தேய்ந்துபோன ஷேக்கிள் பின்களைப் புதிதாகக் கடைந்து தரச் சொல்லி லேத்தில் கொடுத்திருக்கிறேன்.