பற்றவைக்காத மூடிகள்

நனைந்த காகிதத்தைப் பிரிப்பதுதான் என் வேலையில் பாதி. ஆவணச் சீரமைப்புப் பிரிவில் சேர்ந்த புதிதில், ஈரத்தில் ஒட்டிப்போன ஒரு கட்டை அவசரப்பட்டு இழுத்துவிட்டேன். ஒரு பக்கத்து எழுத்து முழுவதும் அடுத்த பக்கத்தோடு போய்விட்டது. எதிர் மேசையில் இருந்த மூத்தவர் திட்டவில்லை. "வார்சாவில தோண்டி எடுத்த பெட்டிகளைப் பத்திப் படிச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டார். அப்படித்தான் ரிங்கல்ப்ளூம் எனக்கு அறிமுகம்.

எமானுவேல் ரிங்கல்ப்ளூம் யூத வரலாற்றாசிரியர். 1939 ஆகஸ்டில் ஜெனீவாவில் ஒரு மாநாட்டில் இருந்தார். அங்கேயே தங்கியிருக்கலாம், போலந்தின் தலைநகரான வார்சாவுக்குத் திரும்பினார். 1940 நவம்பரில் நாஜிகள் அங்கே கெட்டோவை, அதாவது யூதர்களை ஒதுக்கிவைத்த பகுதியை, அடைத்தார்கள். சனிக்கிழமைகளில் ரகசியமாகக் கூடும் ஒரு குழுவை அவர் சேர்த்தார். பெயர் 'ஓய்னெக் ஷாபெஸ்', ஓய்வுநாளின் மகிழ்ச்சி. பசி, கள்ளக்கடத்தல், தெருப்பிள்ளைகள் என்று ஆளுக்கொன்றாக எழுதினார்கள். கூடவே ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய்க் காகிதம் வரை சேர்த்துவைத்தார்கள். மிட்டாய்க் காகிதம்! என் கையில் கிடைத்திருந்தால் குப்பைக்கூடைக்குத்தான் போயிருக்கும். பழைய கட்டுகளில் வந்த பஸ் டிக்கெட்டுகளை எத்தனை முறை உதறிப் போட்டிருக்கிறேன்.

1942 ஆகஸ்டில் கெட்டோ மக்களை ரயிலில் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது, குழுவில் இருந்த பள்ளி ஆசிரியர் இஸ்ரயேல் லிக்டென்ஷ்டைன் இரண்டு இளைஞர்களோடு நோவோலிப்கி தெரு 68-ஆம் எண் பள்ளிக்கு அடியில் அந்தக் காகிதங்களை 10 தகரப் பெட்டிகளில் வைத்துப் புதைத்தார். மூடிகளை ஈயம் வைத்து அடைக்கவில்லை. அந்த அவசரத்தில் யாருக்குத் தோன்றும்? 1946 செப்டம்பரில் இடிபாடுகளுக்குள்ளிருந்து எடுத்தபோது பெட்டிகளுக்குள் தண்ணீர். தாள்கள் ஊறி ஒட்டியிருந்தன. பல இடங்களில் மை கரைந்திருந்தது. குழு புதைத்த இன்னொரு தொகுதி 1950 டிசம்பரில் இரண்டு பால் கேன்களில் கிடைத்தது; அவற்றில் இருந்தவை அதைவிட நன்றாகவே இருந்தன. எல்லாம் சேர்த்துச் சுமார் 35,000 பக்கங்கள். மூன்றாவதாக ஒரு பகுதியும் புதைக்கப்பட்டதாம், இன்றுவரை அகப்படவில்லை. என் தொழில் புத்தி அந்த மூடிகளையே சுற்றிச்சுற்றி வருகிறது.

ரிங்கல்ப்ளூமை 1944 மார்ச்சில் மனைவி, மகனோடு பிடித்துச் சுட்டுக் கொன்றார்கள். குழுவில் இருந்த சுமார் 60 பேரில் போருக்குப் பின் மிஞ்சியவர்கள் மூவர்.

இப்போது ஒட்டிய கட்டு எது வந்தாலும், அடியில் மை ஒற்றும் தாளைக் கொடுத்து, ஒரு ஓரத்தைத் தூக்கவே அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறேன். சிலநேரம் லிக்டென்ஷ்டைன் அந்தப் பெட்டிகளில் போட்டு மூடிய உயில் நினைவுக்கு வரும். தனக்குப் புகழ் வேண்டாம், தன்னையும் மனைவியையும் மகளையும் யாராவது நினைத்துக்கொண்டால் போதும் என்று எழுதியிருந்தார். மகளுக்கு அப்போது 20 மாதம்.