ரக்சாக் வாங்கும் முன் முதுகை அளந்துவிடுங்கள்

வெள்ளியங்கிரி ஏழு மலை ஏற ஒரு சின்னப் பையும் மூங்கில் தடியும் போதும். டென்ட், ஸ்லீப்பிங் பேக், சாப்பாடு எல்லாம் சுமந்துகொண்டு இமயமலைப் பக்கம் நான்கைந்து நாள் நடப்பது வேறு கணக்கு. அதற்காக ரக்சாக் (முதுகில் மாட்டும் பெரிய பை) தேடுகிறவர்கள் கோவையானாலும் ஈரோடானாலும் முதலில் கேட்பது, "எத்தனை லிட்டர் வாங்கலாம்ங்க?" லிட்டர் அப்புறம். முதலில் முதுகின் நீளம்.

தலையைக் குனிந்தால் பின்கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்தும். அளவு அங்கே தொடங்குகிறது. இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் ஊன்றி, கட்டைவிரல்களை முதுகுப்பக்கம் நீட்டுங்கள். இரண்டு விரலுக்கும் நேராக முதுகுத்தண்டில் வரும் புள்ளிதான் முடிவு. வீட்டில் ஒருவரைவிட்டு, தையல் டேப்பை முதுகின் வளைவோடு ஒட்டிப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் பலருக்கு 40 முதல் 53 செ.மீ.க்குள் வரும். ஆள் உயரத்தைப் பார்த்து மீடியம், லார்ஜ் என்று எடுத்தால் தப்பாகிவிடும். கால் நீளமாக இருந்து முதுகு குட்டையாக இருப்பவர்கள் நிறைய.

பையின் முதுகளவு குட்டையாக இருந்தால் ஹிப் பெல்ட் (இடுப்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) வயிற்றுக்கு ஏறிக்கொள்ளும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், எடை முழுக்கத் தோளில் இறங்கும். நீளமாக இருந்தால் தோள்பட்டை வார் தோளில் படியாமல் இடைவெளி விடும், பை பின்னால் சாயும்.

மாட்டுவதற்கும் வரிசை உண்டு. எல்லா வார்களையும் தளர்த்துங்கள். பெல்ட்டின் நடுப்பகுதி இடுப்பெலும்பின் விளிம்பில் உட்காரும்படி வைத்து இறுக்குங்கள். பிறகு தோள் வார். அதன்பின் தோளுக்கு மேலே பையோடு இணையும் சின்ன வார், அது சுமார் 45 டிகிரி சாய்வில் நிற்க வேண்டும். நெஞ்சு வார் கடைசி. சரியாக உட்கார்ந்திருந்தால் தோள் வாருக்கு அடியில் விரலைச் சுலபமாக விடலாம். சுமையில் பெரும்பங்கு இடுப்பில் இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்று முதல் ஐந்து நாளுக்கு 50–60 லிட்டர் தாராளம். மொத்தச் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும்: 65 கிலோ ஆளுக்கு 13 கிலோ. வாங்கியதும் அரிசியைச் சின்னச் சின்ன மூட்டையாகக் கட்டி, துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துச் சென்னிமலை 1320 படியையும் ஏறி இறங்கிப் பாருங்கள். வார் எங்கே உறுத்துகிறது என்பது இறங்கும்போது தெரிந்துவிடும்.

அடுக்கும்போது ஸ்லீப்பிங் பேக் அடியில். சாப்பாடு, அடுப்பு, தண்ணீர் போன்ற கனமானவை நடுவில், முதுகை ஒட்டி. துணிகள் அவற்றுக்கு வெளிப்பக்கம். மழைக்கோட்டு, மருந்து, கடலை மிட்டாய் மேலே. கனமான பொருள் முதுகைவிட்டுத் தள்ளிப் போனால் ஆளைப் பின்னால் இழுக்கும், அதைச் சமாளிக்க உடம்பு முன்னால் குனிந்தே நடக்கும், சாயங்காலம் இடுப்பு விட்டுப்போகும். பாத்திரத்துக்குள் சாக்ஸைத் திணியுங்கள். காலி இடம் விட்டால் உள்ளே எல்லாம் ஆடும்.

பைக்கு மேலே போடும் மழை உறையை மட்டும் நம்பாதீர்கள். அது முதுகுப்பக்கத்தை மூடாது. அந்த வழியாக வழியும் தண்ணீர் உறையின் அடியிலேயே தேங்கும். பைக்குள் ஒரு கனமான பாலிதீன் பையை விரித்து, அதற்குள் பொருளை அடுக்கி, வாயை முறுக்கி மடித்துவிடுங்கள். ஸ்லீப்பிங் பேக்குக்கு இன்னொரு தனிப் பை. அது நனைந்தால் இரவு முழுக்க நடுக்கம்தான்.

நம் ஊர்ப் பழக்கத்தில் இரண்டை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்: காட்டன் பனியனும் சென்னிமலைப் போர்வையும். திருப்பூரில் பாலியஸ்டர் டி-ஷர்ட்டுக்குப் பஞ்சமில்லை. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் கிடக்கும், குளிரில் அது ஆபத்து.

சாப்பாடு ஆளுக்கு ஒரு நாளைக்கு உலர்ந்த எடையில் 600–700 கிராம். அரிசியும் பருப்பும் சாப்பாடு இல்லாமல் முடியாதா? நன்றாகவே கொண்டுபோகலாம், ஆனால் துவரம்பருப்போடு அல்ல. 4000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரை வேகவே வேகாது, கேஸ்தான் தீரும். 75 கிராம் அரிசி நொய், 25 கிராம் பாசிப்பருப்பு இரண்டையும் வாசம் வரும்வரை வறுத்து, பருப்பை மட்டும் ஒன்றிரண்டாக உடைத்து, மஞ்சள், உப்பு, மிளகு, சீரகம் சேர்த்து ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டுங்கள். சமைக்கும் முன் அரை மணி நேரம் ஊற வைத்தால் கேஸ் மிச்சம்.

அந்த கேஸ் சிலிண்டரை ரயிலிலும் விமானத்திலும் ஏற்ற முடியாது. போய்ச் சேரும் ஊரில் வாங்குங்கள். இங்கே ஆனைமலை, சத்தியமங்கலம் காடுகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவோ தங்கவோ கூடாது. தீ மூட்டும் பேச்சே வேண்டாம்.

திரும்பி வந்ததும் பையை வாஷிங் மெஷினில் போடாமல் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காய வையுங்கள். ஈரத்தோடு சூடான பரணில் போட்டு வைத்தால் உள்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும்.