ராத்திரி ரெண்டு மணிக்கு டிக்கெட் கேட்ட அப்பா

அப்பா முப்பது வருஷம் மதுரை–சென்னை ராத்திரி பஸ்ஸில் கண்டக்டர். ஸ்ட்ரோக் வந்து வீடு திரும்பிய மூன்றாம் மாதம், நடுநிசி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து அம்மாவிடம் டிக்கெட் கேட்டார். "சில்லறையா குடும்மா" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அம்மா மறுநாள் முழுக்க அழுதுகொண்டிருந்தாள்.

கை கால் பிசியோதெரபியில் தேறிக்கொண்டு வந்தது. புத்திதான் மங்கியது. நரம்பியல் டாக்டர் 30 மார்க்குக்கு ஒரு சோதனை வைத்தார். மோகா என்று பெயர், தமிழிலேயே இருக்கிறது. 26-க்குக் குறைந்தால் யோசிக்க வேண்டும். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார்கள். ஓடுகிற பஸ்ஸில் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் இன்வாய்ஸில் டிக்கெட் கணக்கு எழுதிய மனிதர், பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் வலது பக்கமே திணித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். மொத்தம் 15.

தங்கைக்கு அன்றே பயம் பிடித்துக்கொண்டது. "அண்ணா, எச்சில் எடுத்து ஜீன் டெஸ்ட் பண்றாங்களாம். அப்பாவுக்கு இருந்தா நமக்கும் வரும்ல?" டாக்டரிடமே கேட்டோம். குடும்பத்தில் யாருக்காவது நாற்பது, ஐம்பது வயதில் ஸ்ட்ரோக் வந்ததா, ஒற்றைத் தலைவலி உண்டா என்று விசாரித்தார். வரிசையாக இருந்தால் நாட்ச்3 என்ற மரபணுவைப் பார்க்க வேண்டுமாம். அதில் கோளாறு வந்தால் கடாசில் என்ற பரம்பரை நோய். எங்கள் வீட்டில் அப்படி யாருமில்லை. தங்கை படித்துவிட்டு வந்தது ஏபிஓஈ என்ற இன்னொரு மரபணு பற்றி. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று ஆளுக்கு இரண்டு பிரதி. அதில் நான்காம் வகை இருந்தால் அல்சைமர் என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு கூடும். ஆனால் அது இருந்தும் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு. "ரிசல்ட் எதுவா இருந்தாலும் நான் எழுதுற மாத்திரை மாறாதும்மா. இன்னொரு ஸ்ட்ரோக் வராம பாருங்க" என்றார். முதல் ஸ்ட்ரோக்கோடு நின்றால் பத்தில் ஒருவருக்குப் புதிதாக மறதி நோய் வருகிறது. மறுபடி வந்தால் அது மூன்றில் ஒருவருக்கும் மேல் போய்விடுகிறதாம்.

தங்கைக்குத் திருப்தியில்லை. எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், நிம்மதி.

பிறகுதான், மூன்று மாதமாக யாருமே கேட்காததை டாக்டர் கேட்டார்: "தூக்கம் எப்படி?" பகலெல்லாம் சோபாவில் தூக்கம், பொழுது சாய்ந்தால் எரிச்சல், ராத்திரியெல்லாம் முழிப்பு. தூங்குவதற்காக மருந்துக்கடையில் கேட்டு ஒரு அலர்ஜி மாத்திரை வேறு கொடுத்துக்கொண்டிருந்தோம். முதலில் அதை நிறுத்தச் சொன்னார். வயசானவர்களுக்கு அந்த வகை மாத்திரை குழப்பத்தைக் கூட்டுமாம்.

மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, அரிசி மணி அளவில், தூக்கத்துக்கும் முழிப்புக்கும் நேரம் சொல்லும் ஒரு கடிகாரம் இருக்கிறது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் அது நேரத்தைத் திருத்திக்கொள்ளும். நாங்கள் அப்பாவைப் படுக்க வைத்திருந்ததோ ஜன்னல் சாத்திய உள்ளறையில், கொசுவுக்குப் பயந்து. ஜீன் ஜீன் என்று தங்கை தேடினாளே, இந்தக் கடிகாரத்தை ஓட்டுவதும் ஜீன்கள்தான். ஈயில் அதைக் கண்டுபிடித்து விளக்கியதற்குத்தான் 2017-இல் ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் நோபல்.

காலை ஆறரைக்கு மொட்டை மாடி. மதியம் அரை மணிக்கு மேல் தூங்க விடுவதில்லை. குறட்டையைச் சொன்னதும் தூக்கப் பரிசோதனை. மூச்சு நின்று நின்று வருவது தெரிந்தது. ஸ்ட்ரோக் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இது இருக்குமாம். மூக்கில் மாட்டும் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி, மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ளும் சிபேப் மெஷின் வந்தது. மூன்று வாரம் போராட்டம். "மாட்டுக்குப் போடற மாதிரி மூக்கணாங்கயிறு போட்டுட்டீங்களேடா!" பிடுங்கி எறிவார், அம்மா எடுத்து மாட்டுவாள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி சோதனை. 19. இந்த முறை எண்கள் வட்டம் முழுக்க இருந்தன. முட்களை மட்டும் பத்திலும் பதினொன்றிலும் நிறுத்திவிட்டார். டாக்டர் மார்க்கைக் குறைத்ததும் அப்பா எட்டிப் பார்த்தார்.

"பத்து அம்பத்தஞ்சு. வண்டி கால் மணி முன்னாடியே வந்திருக்கு சார். அதுக்கா மெமோ?"