ஒரு மழைக்காலம் முழுக்கச் சளிப்பூஞ்சையா?

மட்கிய மரக்கட்டையில் பெரும்பாலும் சில மில்லிமீட்டர் உயரமே வளரும் சளிப்பூஞ்சைகளைப் படமெடுக்க வரும் மழைக்காலம் முழுவதையும் ஒதுக்கிவிடலாமா என்று சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பறவைகளைப் படமெடுக்கும் நண்பர்களிடம் சொன்னால், "இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?" என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

பெயரில் பூஞ்சை இருந்தாலும் இவை பூஞ்சைகள் அல்ல, அமீபாக்களின் உறவினர்கள். 2000ஆம் ஆண்டில் ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில், புதிர்ப்பாதை முழுவதும் பரவியிருந்த ஃபைசாரம் பாலிசெஃபாலம் என்னும் இனம், இரு முனைகளில் உணவு வைக்கப்பட்டதும் மற்ற வழிகளை விட்டு விலகி, மிகக் குறுகிய பாதையில் மட்டும் தன்னை நிறுத்திக்கொண்டது. கேட்பதற்கு அருமையான கதைதான். ஆனால் அந்த நகர்வு ஒற்றைப் படத்தில் சிக்குவதில்லை என்பதால், கதையை நம்பி நான் இதில் இறங்க முடியாது.

என்னை இழுத்தது வேறொன்று. ஒரு மாலை, மழையில் ஊறிய கட்டையின் அடிப்பக்கத்தில், பால் வெள்ளையில் நெருக்கியடித்து நின்ற சிறு கொத்து ஒன்றைக் கண்டேன். மறுநாள் காலை அதே இடத்தில், கருப்பு மயிரிழை போன்ற காம்புகளின் மேல் சாக்லேட் நிறத் தூரிகைகள் நின்றன. ஸ்டெமோனைட்டிஸ் என்னும் சளிப்பூஞ்சை வகை. இன்னும் கிட்டத்தில் பார்க்கக் குனிந்தபோது என் மூச்சுப் பட்டு, பழுப்புத் தூள் புகைபோல எழுந்து அடங்கியது. முந்தைய இரவை அங்கேயே கழித்திருக்கலாமே என்று அப்போது தோன்றிய ஏக்கம் இன்னும் தணியவில்லை.

சிரமங்களும் சிறியவை அல்ல. இரு மடங்கு உருப்பெருக்கத்தில், லென்ஸின் ஒளித்துளை எஃப் 5.6 அளவில் இருக்கும்போது, முழுச் சட்டக கேமராவுக்குக் கூர்மையாகக் கிடைக்கும் ஆழம் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்தான். துளையை மிகவும் சுருக்கினால், அதன் விளிம்பில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவால் படம் மங்கிவிடும். ஆகவே குவியத்தை இம்மி இம்மியாக நகர்த்தி இருபது படங்களாவது எடுத்து ஒன்றாக அடுக்க வேண்டும். பதினெட்டாவது படத்தில் ஏதோ ஒரு பூச்சி காம்பின் மேல் ஏறினால் மொத்தமும் வீண். இவ்வளவுக்குப் பிறகும், பல இனங்களுக்கு, அந்தத் தூளாகப் பறக்கும் வித்துகளை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உறுதியாகப் பெயரிட முடியும்.

யாரும் தொடாத பொருளைத் தேர்ந்தவர்களுக்கு ஆறுதலாக வில்சன் பென்ட்லியைச் சொல்வது வழக்கம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் விவசாயியாக இருந்த அவர், 1885 ஜனவரி 15 அன்று முதல் பனிப்படிகத்தைப் படமெடுத்து, வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட படிகங்களைப் பதிவு செய்தார். அவருடைய விடாமுயற்சியைப் போற்றுவார்கள். எனக்கோ, அவருடைய பொருள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வாசலிலேயே வந்து விழுந்தது என்பதுதான் முக்கியமாகப் படுகிறது. புலியைத் தேடிப் போகிறவருக்கு அந்த வசதி கிடையாது. எனக்கு உண்டு, அந்தக் கட்டை நடந்து போகும் தூரத்தில்தான் கிடக்கிறது.

அதனால் இப்போதைக்குப் புதிய லென்ஸ் எதையும் வாங்கப்போவதில்லை. இருக்கும் மேக்ரோ லென்ஸ், உருப்பெருக்கத்தைக் கூட்ட லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டும் ஒரு நீட்டிப்புக் குழாய், தரையோடு படியும் ட்ரைபாட் ஆகியவற்றோடு, ஒரே கட்டையை மட்டும் மழைக்காலம் முடியும்வரை பார்த்துவருவேன். அடுத்த வெள்ளைக் கொத்து தென்படும் இரவில் வீடு திரும்புவதாக இல்லை.