பிளேடு நிற்கும் வரை

ஜூன் 3

ரம்பம் அண்ணனின் கையை வெட்டி 23 நாள் கழித்து இன்று கொட்டகையைத் திறந்தேன். மரத்தூள் வாசனை அப்படியே இருக்கிறது. முதலில் பார்த்தது மைட்டர் சாவின், அதாவது மேலிருந்து இறங்கி மரத்தைக் குறுக்கே வெட்டும் மின்ரம்பத்தின், பிளக்கை. யாரோ பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். அன்று அவன் வெட்டிக்கொண்டிருந்த கட்டை இன்னும் மேசைமேலேயே கிடக்கிறது, முக்கால்வாசி வெட்டுப்பட்டு. தொடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 4

"அந்த ரம்பத்தை வித்துடலாமா?" என்று அண்ணி கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜூன் 5

துடைத்தேன். பிளக் கழன்றிருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் கை வைத்தேன். கட்டையை அப்படியே எடுத்துச் சுவரோரம் சாய்த்தேன். எந்தப் பக்கம் ஃபென்ஸில், அதாவது கட்டைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பில், சாய்ந்திருந்தது என்று பென்சிலால் ஒரு குறி போட்டேன். எதற்கு என்று அப்போது தெரியவில்லை.

ஏழெட்டு வருடம் முன்பு அண்ணன் இதைக் காட்டிச் சொன்னது: "மேசை திரும்பினா மைட்டர், தலை சாஞ்சா பெவல், ரெண்டையும் சேத்து வெட்டினா காம்பவுண்ட். அவ்வளவுதாம்மா." மேசையைத் திருப்பிப் பார்த்தேன். 0, 15, 22.5, 31.6, 45 டிகிரி என்று ஒவ்வொரு பள்ளத்திலும் 'டக்' என்று உட்கார்கிறது. பிளேடைத் தாங்கும் தலையை இறக்கினால், பிளேடை மறைக்கும் கீழ்மூடி விலகுகிறது, தூக்கினால் தானாக மூடிக்கொள்கிறது. பத்து தடவை பார்த்தேன், பத்து தடவையும் மூடியது. மூடியில் குற்றம் இல்லை.

ஜூன் 6

அண்ணனுக்குக் கட்டு மாற்றினார்கள். நடுவிரல் அசைகிறது.

ஜூன் 8

பிளேடைக் கழற்ற அரை மணி நேரம். போல்ட்டை வழக்கம்போல் இடப்பக்கம் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். இதன் மரை இடக்கை மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். பிளேடு சுழலும் திசையில் போல்ட் தானாகத் தளர்ந்துவிடக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பிளேடின் தண்டைச் சுழலாமல் பிடிக்கும் பூட்டை அமுக்கிப் பிடித்து, வலப்பக்கம் வெடுக்கென்று ஒரு திருப்புத் திருப்பியதும் கழன்றுவிட்டது.

கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. 24 பல். ஒவ்வொரு பல்லும் கொக்கி மாதிரி முன்னால் சாய்ந்திருக்கிறது. இது டேபிள் சாவில், அதாவது பிளேடு மேசைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ரம்பத்தில், பலகையை நீளவாக்கில் பிளக்கிற பிளேடு. பழைய பிளேடு மழுங்கிவிட்டது என்று அண்ணன் சொன்னபோது, என் அலமாரியில் சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்துக் கொடுத்தது நான்.

அளவு சரியாக இருந்தது, துளை சரியாக இருந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான்.

ஜூன் 9

தூக்கம் இல்லை. கொக்கிக் கோணத்தைப் பற்றியே யோசனை.

பிளக்கிற பிளேடில் பல் சுமார் 20 டிகிரி முன்னால் சாய்ந்திருக்கும். டேபிள் சாவில் நாம் மரத்தைத் தள்ளுகிறோம், பல் எதிரே நின்று கடிக்கிறது. அங்கே அந்தச் சாய்வு வேண்டும். மைட்டர் சாவில் கதை வேறு. மரம் அசையாமல் இருக்க, பிளேடு மேலிருந்து இறங்குகிறது. கொக்கிப் பல் மரத்தைக் கவ்வி, தலையையே கீழே இழுக்கும். நம் கை அதன் வேகத்தைத் தீர்மானிப்பதுபோய், அது நம் கையை இழுத்துக்கொண்டு போகும். இதற்கென்று விற்கிற பிளேடில் கோணம் 0-வை ஒட்டி இருக்கும், சிலவற்றில் −5. பல் பின்னால் சாய்ந்து செதுக்கிக்கொண்டு இறங்கும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்திருந்தும் அலமாரியில் இருந்ததைத் தூக்கிக் கொடுத்தேன்.

அண்ணன் என்னைக் கேட்கவே இல்லை. இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூன் 11

புது பிளேடு வந்தது. 254 மில்லிமீட்டர், 80 பல், கோணம் −5. ரம்பம் நிமிடத்துக்கு 4,800 சுற்று சுற்றும். பிளேடில் 7,000 வரை தாங்கும் என்று பொறித்திருக்கிறது, அதையும் படித்த பிறகே மாட்டினேன். பிளேடில் உள்ள அம்பும் மூடியில் உள்ள அம்பும் ஒரே திசை. முன்பக்கப் பல் கீழ்நோக்கி. வாஷர் இரண்டையும் துணியால் துடைத்தேன், நடுவில் ஒரு தூள் இருந்தாலும் பிளேடு ஆடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த அளவு பிளேடு 4,800 சுற்றில் ஓடும்போது பல் நுனி மணிக்கு சுமார் 230 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நோட்டில் எழுதியதை உடனே அடித்துவிட்டேன். இங்கே மறுபடி எழுதுகிறேன்.

ஜூன் 12

மட்டம் பார்க்கும் வேலை. இதில் மனது நின்றது, நாள் முழுக்க வேறு எதுவும் நினைக்கவில்லை.

தலையை இறக்கிப் பூட்டி, மூலைமட்டத்தின் ஒரு காலை ஃபென்ஸில் வைத்து, மறு காலை பிளேடின் தகட்டில் சேர்த்தேன். பல்லில் பட்டால் அளவு பொய் சொல்லும், பல் தகட்டைவிடத் தடிமன். இரண்டு பல்லுக்கு நடுவே தகட்டில் மட்டும் படவேண்டும். பின்னால் விளக்கைப் பிடித்தால் மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிந்தது. ஃபென்ஸின் நான்கு போல்ட்டையும் ஆலன் கீயால் தளர்த்தி, விரலால் தட்டித் தட்டி அந்த வெளிச்சத்தை மூடினேன். இறுக்கும்போது மறுபடி நகர்ந்தது. மூன்றாவது தடவை நின்றது. அப்புறம் மூலைமட்டத்தை நிமிர்த்தி மேசைக்கும் பிளேடுக்கும் 90 பார்த்தேன். அது சரியாகவே இருந்தது.

பிறகு வெட்டிச் சோதிக்க வேண்டும். 150 மில்லிமீட்டர் அகலப் பலகையைக் குறுக்கே வெட்டி, ஒரு துண்டைக் குப்புறப் போட்டு மற்றதோடு சேர்த்துப் பார்த்தால், இடைவெளி பிழையின் இரு மடங்காகத் தெரியும். பலகையை எடுத்து வைத்தேன், கிளாம்ப் போட்டேன், பிளக்கைக் கையில் எடுத்தேன். மாட்ட முடியவில்லை.

நாளை.

ஜூன் 13

இன்றும் இல்லை.

ஜூன் 15

சுவரோரம் சாய்த்து வைத்த கட்டையை இன்று எடுத்தேன்.

பிளக் இல்லை. தலை மேலே. கட்டையை நான் குறி போட்டபடி, அன்று இருந்த மாதிரியே ஃபென்ஸில் வைத்தேன். இரண்டு முனையும் ஃபென்ஸைத் தொடுகிறது. நடுவில், சரியாக வெட்டு விழுந்த இடத்தில், ஒரு பென்சில் முனை தாராளமாக நுழைகிறது. கட்டை வில்லாக வளைந்திருக்கிறது. குழிந்த பக்கத்தை ஃபென்ஸில் வைத்து வெட்டியிருக்கிறான்.

பிளேடு அடியில் ஃபென்ஸை நோக்கித்தான் ஓடும். பின்னால் தாங்கல் இல்லாத இடத்தில் அது மரத்தைப் பின்னால் தள்ளுகிறது. வெட்டு முடியும் தறுவாயில் கட்டையில் உரம் போய்விடும், நடுவில் மடங்கும், வெட்டின் வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். அப்புறம் கட்டை எந்தப் பக்கம் துள்ளும், பிடித்திருக்கிற கை எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கட்டையைத் திருப்பிப் போட்டேன். புடைத்த பக்கம் ஃபென்ஸில். வெட்டு விழும் இடத்தில் பென்சில் என்ன, ஒரு காகிதம்கூட நுழையவில்லை.

கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிளேடு இல்லை, கட்டைதான் காரணம் என்று முதலில் தோன்றியது. மூச்சு வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நிற்கவில்லை. கட்டை மடங்கியது சரி. அந்த நொடியில் கொக்கிப் பல் இல்லாமல் இந்தப் புதுப் பல் இருந்திருந்தால்?

ஜூன் 16

தையல் பிரித்தார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடுகின்றன. அண்ணி அழுதார்.

ஜூன் 18

பிளக்கை மாட்டினேன்.

முடியை இறுகக் கட்டி, கைவளையலைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து. கண்ணாடி, காதடைப்பு, மூக்கில் மாஸ்க். கையுறை போடவில்லை, நூல் ஒன்று பல்லில் சிக்கினால் கையையே இழுக்கும். பலகையை எடுத்து விளிம்போடு ஒற்றைக் கண்ணால் பார்த்தேன், புடைப்பு இருக்கும் பக்கம் பென்சிலால் அம்பு போட்டேன், அம்பு ஃபென்ஸைத் தொட வைத்தேன். கிளாம்ப். இடது கை பிளேடிலிருந்து ஒரு சாண் தள்ளி. புத்தகத்தில் 150 மில்லிமீட்டர் என்று இருக்கிறது. என் கை 200-க்கு அப்பால் போய் நின்றுகொண்டது, இருக்கட்டும்.

பிளக் மாட்டும் முன்பே தலையை ஒரு தடவை சும்மா இறக்கி, பிளேடு எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்துவிட்டேன். சுவிட்சை அழுத்தி, சத்தம் ஏறி ஒரே சுருதியில் நின்ற பிறகு இறக்கினேன். அழுத்தவே இல்லை, தலையின் எடையே போதுமாக இருந்தது. பலகை இரண்டானது. சுவிட்சை விட்டேன். தலையைத் தூக்கவில்லை.

பிளேடு நிற்கும் வரை அப்படியே கீழே பிடித்திருந்தேன். வாய்விட்டு எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரிந்து, பிளேடு நின்றது. அதற்குப் பிறகே தூக்கினேன்.

கை நடுங்கவில்லை. சோதித்தபோது முனையில் 1 மில்லிமீட்டர் இடைவெளி. அதில் பாதிதான் பிழை: 150-க்கு 0.5 மில்லிமீட்டர், அதாவது 0.19 டிகிரி.

ஜூன் 19

0.19 சின்ன எண்தான். ஆனால் நான் செய்யப்போகும் மரச்சட்டத்துக்கு எட்டுப் பக்கம், பதினாறு வெட்டு. எல்லாம் ஒரே பக்கம் பிசகினால் கடைசி மூலையில் 3 டிகிரி வந்து நிற்கும். 60 மில்லிமீட்டர் அகலக் கட்டையில் அது 3 மில்லிமீட்டர் வாய். மறுபடி ஃபென்ஸைத் தளர்த்தினேன். மாலைக்குள் இடைவெளி மறைந்தது.

ஜூன் 20

எட்டும் ஒரே நீளம் வர ஸ்டாப் கட்டை வைத்தேன். ஸ்டாப் பக்கத் துண்டுக்குத்தான் கிளாம்ப், மறுபக்கத் துண்டு சும்மா கிடக்கும். மாற்றிச் செய்தால், பிடிப்பில்லாத துண்டு ஸ்டாப்புக்கும் பிளேடுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பறக்கும். 22.5 டிகிரி வெட்டில் விழுகிற சின்ன முக்கோணங்களும் ஃபென்ஸின் இடைவெளிக்குள் போய் எறியப்படுகின்றன. ஃபென்ஸ் முகத்தில் நேரான பலகை ஒன்றைத் திருகிவிட்டேன். இப்போது வெட்டிய இடத்திலேயே படுத்துக்கொள்கின்றன. நின்ற பிறகு எடுக்கிறேன்.

நான்கு துண்டு முடிந்தது.

ஜூன் 21

வேலை செய்யவில்லை. அண்ணன் இரவு முழுக்கத் தூங்கவில்லையாம், விரல் நுனி எரிகிறதாம். அந்த 24 பல் பிளேடைத் துணியில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். பிறகு எடுத்து வெளியே வைத்தேன்.

ஜூன் 22

அண்ணன் கொட்டகைக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். நான் ரம்பத்தின் பிளக்கைப் பிடுங்கினேன்.

கட்டையைக் காட்டினேன். பென்சிலை இடைவெளியில் விட்டுக் காட்டினேன். பிறகு துணியைப் பிரித்து பிளேடைக் காட்டினேன். "அண்ணா, இது நான் கொடுத்தது" என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது.

ரொம்ப நேரம் பார்த்தான். "எனக்கும் பல்லு எண்ணத் தெரியுமேம்மா" என்றான். அப்புறம், "அதுவும் சேந்துதான். கட்டையைக் கண்ணுல ஓட்டிப் பாக்காததும் சேந்துதான். கை கிட்ட இருந்ததும்" என்றான். கோபமே இல்லாத குரல். அதைக் கேட்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மீதி இருந்த கட்டைகளில் ஒன்றை வலது கையால் எடுத்து, முனையைத் தோளில் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே என் பென்சிலைச் செருகச் சொன்னான். இடது கையில். அம்பு கோணலாக வந்தது. ஆனால் சரியான பக்கத்தில் வந்தது.

ஜூன் 23

மீதி நான்கு. அவன் ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, பிளேடு நிற்கும் வரை எண்ணிக்கொண்டிருந்தான்.